ஆணி அடிக்கக் கூடாது

ஏழாவது வீட்டில்தான் 'சரி' கிடைத்தது.
வில்லாபுரம், ஹவுசிங் போர்டு தாண்டி
இரண்டாவது குறுக்குத் தெரு, மாடி போர்ஷன்,
பத்து மாத அட்வான்ஸ்.
கோவர்த்தனம் சார் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்.
எத்தனை பேர் என்றார்.
இரண்டு பேர் என்றோம்.
பொய் இல்லை.
இறகு உள்ளவர்களை அவர் கேட்கவில்லை.

சாவியை நீட்டிவிட்டு, விடாமல், சொன்னார்:
"ஒரே கண்டிஷன்.
செவத்துல ஆணி அடிக்கக் கூடாது."

கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் நடுவே
போர்வை போர்த்திய மூன்று கூண்டுகள்.
இரவு பத்தரைக்குத் திருடர்கள் போல மாடி ஏறினோம்.
பதினொரு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.
எங்கள் மானம் தங்கள் அலகில் இருக்கிறது என்று
யார் சொன்னார்களோ.

காற்று வருகிற அறை அவர்களுக்கு.
"அப்ப நமக்கு?" என்றார் இருதயராஜ்.
நமக்கு ஃபேன் இருக்கிறதே.
அவர்கள் அறை ஃபேனின் மூன்று இறக்கைகளையும் கழற்றி
பேப்பர் சுற்றிப் பரணில் போட்டோம்.
ஓர் அறைக்கு ஒரு வகை இறக்கை போதும்.

இருதயராஜ் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவர்.
ஆணி இல்லாவிட்டால் என்ன,
கோணி ஊசி இருக்கிறது.
ஜன்னல் கம்பியோடு கம்பிவலையைச் சேர்த்து,
ரெக்ஸின் ஓரம் கொடுத்து,
ஞாயிறு முழுக்கத் தைத்தார்,
புல்லட் சீட்டுக்குப் போடும் அதே இரட்டைத் தையல்.
கதவுக்கு உள்பக்கம் ஒரு திரை. திரைக்கு ஜிப்.
கதவைச் சாத்திய பிறகுதான் ஜிப்பைத் திறக்க வேண்டும்.
நான் இரண்டு முறை மறந்தேன்.
இரண்டாவது முறை நீலக்குஞ்சு
ரசச் சட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தது.
நல்லவேளை, அடுப்பில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது.

சுவருக்குச் சுவர் முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்புகள்,
முனைகளில் டயர் துண்டு.
வெறும் அழுத்தத்தில் நிற்கின்றன,
எங்கள் மாதக் கடைசியைப் போல.
நெல்பேட்டையில் கணவாய் ஓடு கேட்டேன்.
"ஓட்டை வச்சு என்ன கொழம்புக்கா?" என்றான் மீன்காரப் பையன்.
கொத்தித் தின்பதற்கு என்றேன்.
என் பல்லைப் பார்த்தான்.

இத்தனையும் செய்து வைத்தால்,
ஜோடி இல்லாத அந்த ஃபிஞ்ச், கடுகு,
ஒரு கம்பிலும் கால் வைக்கவில்லை.
வடக்குச் சுவரில், யாரோ விட்டுப்போன,
தலை சாய்ந்த மூன்றங்குல ஆணி ஒன்று.
இருட்டியதும் அதில் போய் உட்காரும்.
அரை விரல் இடம்.
மூச்சு விட்டால் உப்பி,
ஆணிக்கு முளைத்த பஞ்சு மாதிரி.

பதினெட்டாம் நாள் மீட்டர் பார்க்க வந்தார் சார்.
ஏர்போர்ட் விமானம் தலைக்கு மேல் போனது.
அது போகும்வரை எல்லோரும் கல்.
போனதும் பதினொன்றும் ஒரே நேரத்தில்
அதைத் திட்டத் தொடங்கின.
"என்னம்மா இது?"

ஜிப்பைத் திறந்தேன்.
யூனிட் எண்ணுவதுபோல் விரல் நீட்டி எண்ணினார்.
"மீனாச்சியே கையில ஒண்ணுதான் வச்சிருக்கா.
அதுவும் சத்தம் போடாது."
பிறகு பறவைகளை விட்டுவிட்டார்.
சுவர்களைப் பார்த்தார்.
தையலைத் தடவினார், டயர் துண்டை அழுத்தினார்,
முட்டி போட்டு மூலையைப் பார்த்தார்.
வடக்குச் சுவருக்கு வந்து நின்றார்.
ஆணிக்குக் கீழே நேராக ஒரு வெள்ளைக் கோடு.

"இது யாரு அடிச்சது?"
"நாங்க வரும்போதே இருந்துச்சு சார்."
மூன்று குடித்தனங்களின் பெயரை முணுமுணுத்தார்.
"யாருன்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா
பெயிண்டுக் காசைப் பிடிச்சிருப்பேன்."

படியில் பாதி இறங்கித் திரும்பினார்.
"அடுத்த மாசத்துலருந்து எரநூறு கூட.
அதுங்களும் தண்ணி குடிக்குதுல்ல."
நூற்றைம்பதில் முடித்தோம்.

விளக்கை அணைக்கப் போனபோது
கடுகு தன் இடத்தில் இருந்தது,
தலையைக் காணோம்.
அந்த மூன்று பேரில் யாரோ ஒருவர்
ஒரு தடவை சொல் மீறியிருக்கிறார்.
எந்த ஊரில் இருக்கிறாரோ,
நல்லா இருக்கட்டும்.