பங்காளி

ஆர்வின் ஊருக்கு வெளியே
எலிவளையின் வாயில்
ஒரு கரண்டி மண் எடுத்தாள் ஒத்தீலியா.
காற்று இன்னும் எழுந்திராத விடியல்.
முகமூடிப் பட்டை காதை அறுத்தது.

கண்ணாடிக் கூண்டுக்குள் கைவிட்டு
தட்டில் மண்ணைப் பரப்பி
மேலே முடி தூவ வேண்டும்.
முடி தின்ன வருகிறவனுக்கு
முடிதான் தூண்டில்.
குதிரைவால் மயிர் தீர்ந்திருந்தது.
தம்பியின் சீப்பில் சிக்கியதைக் கேட்டு வாங்கி
வேகவைத்து, நறுக்கி, தூவினாள்.

ரெஃபூகியோவுக்கு மூன்று வருடமாக மாத்திரை.
பாதாம் மரத்தை இயந்திரம் உலுக்க
எழுந்த புழுதியில்
பீப்பாய் போன்ற வித்து ஒன்று
நெஞ்சுக்குள் குடிவந்து
முதுகெலும்புவரை வேலி போட்டுக்கொண்டது.
மாத்திரை அதை அடக்கி வைத்திருக்கிறது,
கூலிக்கு முடியை எடுத்துக்கொண்டு.

ஆறாம் வாரம் தட்டில் பூத்தது
அது அல்ல,
அதன் பங்காளி.
இறகு, நகம், கொம்பு, மயிர்,
உடம்பு உதிர்த்ததோடு சரி.
மூச்சு நடமாடும் வீட்டுக்குள்
கால் வைக்காது.

அதை நொறுக்கி, இழை உருவி
இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள்.
நான்கே நான்கு எழுத்து,
இரண்டு கோடிக்கும் மேலே,
மூச்சு வாங்க ஒரு புள்ளி கிடையாது.

கொல்கிறவனின் பிரதியை
அருகில் வைத்துப் படித்தாள்.
பாகம் பிரித்த பத்திரங்கள்போல
பக்கம் பக்கமாக அதே வாசகம்.
எல்லைக்கல் தேடி
இரண்டு இரவு போயிற்று.
இங்கே ஒரு நொதி கூட, அங்கே ஒன்று குறைய.
செடியை அரைக்கும் கத்திகள்
இரண்டு வீட்டிலும் தொலைந்துவிட்டன.
கொலை என்று எழுதிய வரி
எதிலும் இல்லை.

சனிக்கிழமை வந்த ரெஃபூகியோ
தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்தான்.
"தலையெழுத்து இப்போது பளிச்சென்று தெரியும்.
படித்துச் சொல், எந்த எழுத்து?"
"ஒரு எழுத்து இல்லை."
"அப்போ அவன் கெட்டவன் இல்லையா?"
"இரண்டு பேருக்கும் பசி.
ஒருத்தனுக்கு உள்ளே வர வழி தெரிந்திருக்கிறது.
எப்படி என்று இன்னும் தெரியவில்லை."

உதட்டு வெடிப்பில் வாசலின் தடவிக்கொண்டே
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"என் முடி பிடித்திருந்ததா அவனுக்கு?"
"ஒரு துணுக்கு மிச்சமில்லை."
சிரித்தான். சிரிப்பு இருமலாகி
இருமல் அடங்கி
திரும்பச் சிரிப்பானது.

தெருக்கோடியில் புதிய மனைகளுக்கு
மண்ணைச் சமன்செய்யத் தொடங்கினார்கள்.
ஒத்தீலியா எழுந்து
ஜன்னலைச் சாத்தினாள்.
அடியில் ஈரத்துணியைத் திணித்தாள்.