உயிர் எதுவும் இல்லை

பீன்யாவில் பிரித்த பெட்டி மரம்.
எந்திரம் ஒன்றைச் சுமந்து கப்பலில் வந்தது,
கம்மனஹள்ளி ஆசாரி கையில் கட்டிலானது.
கால்சட்டத்தில் இன்னும் அழியாத முத்திரை.
“சூடேத்தின பைன்மா, உள்ளே உயிர் எதுவும் இல்லை.”

மூன்றாம் வருஷம்
கட்டிலடியில் ரவை கொட்டிக் கிடந்தது.
கூட்டினேன்.
மறுநாளும்.

இரவு ஒன்றரைக்கு
வெளிவட்டச் சாலை லாரிகள் ஓயும் இடைவெளியில்
கறுக், கறுக்.
“நீதான் பல்லைக் கடிக்கிற” என்றான் இருதயம்.
அதுவும் ஒரு பேச்சுதான்.
பிறகு அதுவும் இல்லை.

பூச்சி மருந்துக்காரர்
ஊசி போட ஆயிரத்தெண்ணூறு கேட்டார்.
அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்,
வாரங்கள் நிறைய.
தலைமாட்டுச் சட்டத்தில் காது வைத்துப் படுத்தால்
இருட்டை மென்றபடி
எங்கேயோ போய்க்கொண்டிருந்தது ஒன்று.

இன்று குக்கர் இரண்டாம் விசிலில்
கோதுமை மணி அகலத்துக்கு ஒரு துளை.
முதலில் தலை.
அப்புறம் மீசை, மீசை, இன்னும் மீசை,
உடம்பைவிட நீளமாய்.
வெளிச்சத்தில் கொஞ்சம் கூசி நின்றது.
ஜன்னல் கம்பியில் ஏறி
கனமாய்ப் பறந்தது,
எதிர்வீட்டு பால்கனிக்கு.
மார்ச் ஆகியும் பிலோமி எடுத்து வைக்காத
பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் அங்கே.

இலை இலையாய் மீசையால் தொட்டுப் பார்க்கிறது.
இறங்கவும் இல்லை, பறக்கவும் இல்லை.

குக்கரை அணைக்காமல்
உள்ளே ஓடினேன்.
“ஏய், எழுந்து வாயேன், ஒண்ணு காட்டணும்.”
பதினோரு நாள் கழித்து
என் குரல் எனக்கே கரகரத்தது.