வழங்கியது

இடம் என்ற கட்டத்தை வெற்றாக விடு என்றார்கள்.
விட்டேன்.
முப்பத்தொன்பது டிசம்பர், பேரேட்டின் முதல் பக்கம்.
வரவு: டீசல், எழுநூறு டன்.
வரவு: உருளைக்கிழங்கு, நானூறு மூட்டை.
வரவு: கம்பளி உள்ளாடை, முட்டைக்கோஸ் டப்பா,
டார்ப்பிடோவுக்குப் பூசும் கிரீஸ்,
நாற்பது ஜோடி பூட்ஸ், அத்தனையும் இடதுகால்.
(கீல் துறைமுகத்தில் எவனோ
வலதுகால்களை வேறொரு போருக்கு அனுப்பிவிட்டான்.)

நாங்கள் நின்றது ரஷ்யக் கரை,
பாறைகளுக்கிடையே கடல் நுழைந்த ஒரு சந்து.
அந்த வருஷம் ரஷ்யர்கள் எங்களுக்கு நண்பர்கள்.
நண்பர்கள் என்றால்,
கரையில் இறங்கினால் சுடுவார்கள்.
லெப்டினன்ட் யெவ்டோகிமோவ் வாரம் ஒருமுறை
படகில் வந்து எங்கள் தலைகளை எண்ணுவார்,
என் சரக்கை நான் எண்ணுவதுபோலவே,
உதடு அசையாமல்.

சூரியன் நவம்பரோடு போய்விட்டிருந்தது.
நண்பகலில் தெற்கே ஒரு சாம்பல் கீறல்,
கழுவாத தட்டின் விளிம்பு மாதிரி.
பிறகு அதுவும் இல்லை.
நீர்மூழ்கிகள் வரும் என்றார் கப்பல்தலைவர் ஹார்ம்ஸ்.
இரவில் வரும், சத்தமில்லாமல் வரும்.
எல்லாமே இரவாயிருந்த இடத்தில்
எந்த இரவு என்று யாரும் கேட்கவில்லை.

ரொட்டிக்காரன் யிப்பே, வரப்போகிறவர்களுக்கென்று
ஐம்பது ரொட்டி கூடுதலாகச் சுட்டான்.
முதல் மாதம் தினமும்.
பிறகு திங்கட்கிழமைகளில்.
பிறகு தன் பிறந்தநாளன்று மட்டும்.
கிடங்கில் உருளைக்கிழங்குகள் முளைவிட்டன.
வெளிறிய விரல்கள் சாக்கைத் துளைத்து வந்து
இருட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.
அவற்றைக் கிள்ளுவதற்கென்றே இருவரை நியமித்தோம்.
அதுதான் நாங்கள் அங்கே செய்த போர்.

டாலெட்டா எழுதியிருந்தாள்:
நீ இருக்கும் ஊரில் மழையா?
என் பதிலின் மூன்று பக்கத்தையும்
தணிக்கைக்காரன் கறுப்பாக்கினான்.
அவளுக்குப் போய்ச் சேர்ந்தது
மேலே அன்புள்ள, கீழே முத்தம்.

பிப்ரவரி. சூரியன் திரும்பி இரண்டு வாரம் இருக்கும்.
மூடுபனியிலிருந்து ஒரு துடுப்புப் படகு.
சாமி இனத்துப் பெண், தனியாக.
காவல் படகு கரியேற்றப் போயிருந்தது.
எங்கள் கொடியை அவள் பார்க்கவில்லை,
பீரங்கியை மூடிய தார்ப்பாயைப் பார்க்கவில்லை.
கையுறை கழற்றி உள்ளங்கையை நீட்டினாள்:
காது உடைந்த ஓர் ஊசி.

பாய் தைக்கும் ஊசிகள் என்னிடம் இருந்தன.
பன்னிரண்டு கொண்ட ஒரு பொதியைக் கொடுத்தேன்.
அவள் ஒரு காட் மீனைத் தளத்தில் எறிந்தாள்,
வால் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.
நெஞ்சைத் தொட்டு, டெட்லெஃப் என்றேன்.
அவள் சிரிக்காமல் ஒரே ஒரு சொல் சொன்னாள்.
மீனின் பெயரா, அவளுடையதா,
இன்றுவரை தெரியாது.

அன்றிரவு
வழங்கியது என்ற பத்தியில் முதல் தடவையாக மை பட்டது.
ஊசி, பெரியது, பன்னிரண்டு.
பெற்றவர் என்ற கட்டத்தின்மேல்
பேனா நின்றது, உறைந்தது,
விளக்கில் காட்டி இளக்கினேன்,
மறுபடி உறைந்தது.

ஏப்ரலில் நங்கூரம் எடுத்தோம்.
ஒரு நீர்மூழ்கியும் வந்திருக்கவில்லை.
உள்ளாடைகள் கட்டுப் பிரியாமல் திரும்பின.
மறுவருஷ ஜூனில் நட்பு முடிந்தது;
யெவ்டோகிமோவ் எண்ணிய தலைகளில் பாதி
வேறு யாருடைய கணக்கிலோ கழிந்தன.
யிப்பேயும்.

இப்போது எம்டெனில், ஓய்வூதிய அலுவலகம்.
பணியாற்றிய இடம்? என்கிறாள் அந்த இளம்பெண்.
பட்டியலில் விரலோட்டுகிறாள்,
அப்படியொரு தளம் இல்லை என்கிறாள்.
சொல்லப்போனால் எனக்கும் சந்தேகம்தான்.
ஆனால் பன்னிரண்டு ஊசி குறைகிறது, அம்மா.
எவ்வளவு கூட்டினாலும்
குறைகிறது.

அவள் கட்டத்தை வெற்றாக விட்டு
அடுத்த கேள்விக்குப் போகிறாள்:
பிள்ளைகள் எத்தனை?