முப்பத்திரண்டு

கோங் ஆற்றைக் கடக்கும்போது
நான் தண்ணீரைத் தொடவில்லை.
மடியில் ஒட்டரிசிக் கூடை, காலி.

அக்கரையில் பந்தல் போட்டு வைத்திருந்தார்கள்.
சயாமிய எழுத்தர் வெற்றிலை மென்றபடி கேட்டார்:
பெயர்? இன்பேங், என்றான் என் கணவன்.
ஊர்?
அது போன மாதம் வரை இருந்தது.

பச்சை குத்துகிறவனும் நம்மவன்தான்,
முந்தைய போரில் பிடிபட்டவன்.
மணிக்கட்டில் நான் கட்டியிருந்த வெள்ளை நூலை
அறுக்காமல் மெல்ல மேலே தள்ளிவிட்டு
ஊசியை மையில் தோய்த்தான்.
புதிய ஊரின் பெயர். புதிய எசமானின் பெயர்.

ஏட்டில் எழுதினார்கள்: ஆண், ஒன்று.

ஒன்றா?
எங்கள் கணக்கில் உடம்புக்கு முப்பத்திரண்டு உயிர்.
முழங்காலுக்குத் தனி, காதுக்குத் தனி.
அரண்டால் ஓடிவிடும்;
பெயர் சொல்லி அழைத்து
நூலால் கட்ட வேண்டும்.

சில, எரிந்த கூரையடியிலேயே நின்றுவிட்டன.
சில, கிழக்கே வியட்நாம் மலைப்பாதையில்,
அங்கேயும் கப்பம் சுமந்த கால்களின் பழக்கத்தில்
தாமாகவே நடந்துபோயின.

இரவு கரையில் உட்கார்ந்து அழைத்தேன்,
காவலனுக்குக் கேட்காத குரலில்.
வீங்கிய கையை என் மடியில் போட்டுக்கொண்டு
அவன் தூங்கிவிட்டான்.

இருபத்தேழு வரை எண்ணினேன்.
பிறகு மழை.