சிவப்புத் தொப்பி

நூற்றெண்பது வெள்ளி.
ஆ லெங் பட்டறையில் ஓர் அலுமினியக் குழாய்,
தொப்பி மாதிரி சிவப்பாய் ஒரு ஃபில்டர்.
கழற்றிய கறுப்புப் பெட்டியைக் கையில் திணித்தான்:
'வச்சிக்கோ, ஒருநாள் தேடுவே.'

பம்பருக்குப் பின்னால் தாழ்வாக
வாய் வைத்திருக்கிறது இப்போது என் பழைய வீரா.
குளிர்ந்த காற்று
ஃபேக்டரி பஸ்ஸில் நிற்கிற ஆட்களைப் போல
நெருக்கியடித்து வரும்;
ஒரே மூச்சில் கூடுதல் உயிர்.
அவ்வளவுதான் சங்கதி.

ரெங்கம் சாலை வளைவில் அழுத்தினேன்.
உறுமியது.
'சத்தம் ஏறியிருக்கு' என்றாள் கோகிலவாணி,
'வேகம் எங்கே?'

மதியம் இரண்டு மணி.
முன்னால் செம்பனைக் குலை லோரி,
தாரின் மேல் நெளியும் அனல்.
பானெட்டைத் திறந்து குழாயைத் தொட்டேன்.
விரல் சுட்டது.
வெக்கையைக் குடிக்கிற எஞ்சினுக்குத்
தொப்பி என்ன செய்யும்?

ஆனால் விடியல் ஐந்தரைக்கு
அவளைப் பஸ்ஸுக்கு விடப் போகையில்
செம்பனை வரிசைகளுக்கு இடையே பனி இறங்கி நிற்கும்.
அப்போது மட்டும்,
மூன்றாம் கியரில்,
மேட்டில்,
கால் சொல்லும் முன்பே கார் ஏறும்.
அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.
சொன்னால் நம்பமாட்டாள்.

நேற்று அடைமழை.
ஆலைக்கு முன் சாலையெல்லாம் தண்ணீர்.
தாழ்ந்த வாய் தண்ணீரையும் குடிக்கும்;
குடித்தால் எஞ்சின் போச்சு.
சிலுவாரை மடித்துக்கொண்டு
முன்னே நடந்து ஆழம் பார்த்தேன்.
கணுக்காலுக்குச் சற்று மேல்.

திரும்பினால்
ஓட்டும் இருக்கையில் அவள்,
உறுமவிட்டுக்கொண்டு.