இரண்டு கிலோ

அலெட்டா வோண்டோ மலையில் காப்பிப்பழம் சிவந்த மாதம்.
மூட்டைக்கு இரண்டு கிலோ குறைத்து எழுதச் சொன்னார் முதலாளி.
எழுதினாள் அஸ்னகெச்,
பதினோரு நாள்.

சொல்லிவிடுகிறேன், அவள் புனிதை அல்ல.
மகனுக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி.

பன்னிரண்டாம் நாள்
முதுகில் மூட்டையோடு வந்தார் ஹமேசோ.
ஞாயிறுதோறும் தகரக்கூரைக் கோயிலில்
ஆண்கள் பக்கம் கடைசிப் பலகையில்
இருமிக்கொண்டே ஜெபிப்பவர்.
எழுத்து தெரியாது அவருக்கு.
"எவ்வளவும்மா?" என்றார்.

முள் நாற்பத்தொன்றில் நின்றது.
பேனா முப்பத்தொன்பதுக்குக் கிளம்பி
மூன்றின் மேல்வளைவு வரை போய்
நின்றுவிட்டது.

பரத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை.
கேட்டது அந்த இருமல்தான்.

அடித்தாள்.
நாற்பத்தொன்று.

இப்போது சந்தையில் வறுத்த வாற்கோதுமை விற்கிறாள்.
மகன் இந்தத் தவணை பள்ளிக்குப் போகவில்லை;
அதற்கு இராத்திரி ஜெபத்தில் விடை கேட்கிறாள்,
கொஞ்சம் கோபமாகவே.

ஆனால் கிண்ணத்தைக்
குவித்துத்தான் அளக்கிறாள்.
விளிம்பு தாண்டிச் சிந்தியதையும்
வாங்குபவர் துணியிலேயே தள்ளிவிடுகிறாள்.

"கட்டுப்படியாகுமா?" என்று கேட்டால்
பதினோரு நாள் கணக்கு
இன்னும் தீரவில்லை என்கிறாள்.