மேற்கோள்

லில்லிபாய் சொல்லப்போவதை
தக்கலை தாண்டும் முன்பே
பேருந்தில் எழுதி முடித்திருந்தேன்:
"இந்நிறுவனம் எங்கள் குடும்பம்."
கருங்கல் அண்டியாபீசில்
படம் மட்டும்தான் பாக்கி.

சிரித்தாள். கையை மட்டும்
முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.
தோட்டெண்ணெய் தின்ற விரல்கள்
படத்தில் வேண்டாமாம்.
எனக்கும் அதுவே சௌகரியம்.

அடுத்த முறை போனபோது
பேப்பரை நாலாய் மடித்துக் கொண்டுவந்தாள்.
"நான் இப்பிடியா சார் பேசுவேன்?
எம் மவ கெடந்து சிரிக்கா."
கோபமில்லை.
எழுத்துப்பிழையைக் காட்டுகிற குரல்.

பின்னே என்ன சொல்லியிருப்பீர்கள்?

யோசிக்கவே இல்லை.
"கக்கூசுக் கதவுக்குக் கொண்டி இல்ல.
ஒருத்தி போனா ஒருத்தி காவலு."

பதினேழு வருடத் தொழிலில்
இவ்வளவு சுருக்கமாக
யாரும் எனக்குச் செய்தி தந்ததில்லை.
மேலே அனுப்பினேன்,
ஒரு சொல் மாற்றாமல்.

மூன்று வாரத்தில் கொண்டி வந்தது.
கூடவே எனக்கொரு உத்தரவு:
'பணியிட மேம்பாடு' என்று குறிப்பு எழுதுக,
தொழிலாளி ஒருவரின் மகிழ்ச்சியோடு.

எழுதினேன்.
அவள் பெயர் போட்டு,
மேற்கோள் குறி இரண்டும் போட்டு,
நடுவில் ஒன்றும் போடாமல்
நாகர்கோவிலில்
கருங்கல் பேருந்துக்கு நிற்கிறேன்.